முதலில் கிளம்பியவள்

இதைக் கட்டுக்கதை என்று நினைத்துப் படிப்பவர்களை நான் தடுக்கப் போவதில்லை. ஆனால் என் கைக்கடிகாரத்துக்குக் கதை கட்டத் தெரியாது. பிப்ரவரி 9, வியாழக்கிழமை. மாலை 5.40-க்குத் தொடங்கி 6.01-க்கு முடிந்த ஓட்டம் ஒன்று அதில் இன்னும் இருக்கிறது. ஐந்து கிலோமீட்டர். 21 நிமிடம் 48 நொடி.

அதற்கு முந்தைய வாரம் அதே பாதையில் எனக்கு 27 நிமிடம் ஆனது. ஏழே நாளில் ஐந்து நிமிடம் குறைப்பது நாற்பத்து நான்கு வயதுப் பெண்ணால் ஆகிற காரியம் இல்லை. ஓடுகிறவர்கள் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சிரிப்பார்கள்.

என் பெயர் ஹெட்டா. ஸ்வீடனின் வடக்கே ஒரு சின்ன ஊரில், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தப் பாதையில் இன்றும் ஆட்கள் ஓடுகிறார்கள்.

நாங்கள் மொத்தம் ஐந்து பேர். நான், மருந்துக் கடையில் வேலை பார்க்கும் சோல்வெய், மின்சார வேலை செய்யும் ரூனே, அப்புறம் லிண்ட் தம்பதி. யாரும் பெரிய வீரர்கள் இல்லை. மே மாதம் பக்கத்து நகரத்தில் நடக்கும் தொடர் ஓட்டத்தில் ஊர்ப் பெயரில் ஓட வேண்டும், அவ்வளவுதான் எங்கள் கனவு. சிக்கல் ஒன்றே ஒன்று. ஒரு அணிக்கு நான்கு பேர். நாங்கள் ஐந்து பேர். அந்த ஐந்தாவது ஆள் யார் என்பதில் யாருக்கும் சந்தேகமே இல்லை.

"அஞ்சாவது ஆளுக்கு வேன்ல எடம் இருக்கு ஹெட்டா," என்பான் ரூனே. "எங்க துணிமணிய யாராவது காவல் காக்கணும்ல?"

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். வீட்டுக்கு வந்து தூங்க மாட்டேன்.

பனிக்காலத்தில் ஓடுவது எவ்வளவு கொடுமை என்று வெயிலில் ஓடுகிறவர்களுக்குத் தெரியாது. பிற்பகல் இரண்டரைக்கே இருட்டிவிடும். வேலை முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தால் எழ மனம் வராது. டிசம்பரில் எங்கள் குழுவே கலையப் பார்த்தது. அப்போதுதான் ரூனே 'வேட்டை'யைக் கொண்டுவந்தான்.

"பின்னாடி எதாவது தொரத்துனா யாருக்கும் சோம்பல் வராது," என்றான்.

விளையாட்டு எளிது. மெதுவாக ஓடுகிறவர் முதலில் கிளம்ப வேண்டும். அடுத்தவர் இரண்டு நிமிடம் கழித்து. அதற்கடுத்தவர் இன்னும் கழித்து. எல்லோரையும்விட வேகமானவன் ரூனே, அவன் கடைசி. முன்னால் போகிறவரைப் பிடித்தால் முதுகில் ஒரு தட்டுத் தட்டி, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுத் தாண்டிப் போகலாம். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது ரூனேயின் விதி. திரும்பினால் வேகம் குறையும் என்பான்.

வாராவாரம் முதலில் கிளம்பியவள் நான். வாராவாரம் என் முதுகில் நான்கு தட்டு விழும்.

"நகரு பாட்டி, வழிய விடு!" இது சோல்வெய். என்னைவிட மூன்று வயது பெரியவள் அவள்.

ஆனாலும் வேட்டை வேலை செய்தது. அதை மறைக்க முடியாது. முதுகில் விழப்போகும் அந்தத் தட்டுக்குப் பயந்தே எல்லோருக்கும் நேரம் குறைந்தது. எனக்கும் கொஞ்சம். போதாத அளவுக்குக் கொஞ்சம்.

அந்த வியாழக்கிழமை லிண்ட் தம்பதிக்குக் காய்ச்சல். மூன்று பேர்தான் வந்தோம். பூஜ்யத்துக்குக் கீழே பத்தொன்பது டிகிரி. காற்றே இல்லை. மதியம் பெய்த புதுப்பனி பாதை முழுக்கக் கலையாமல் கிடந்தது. எங்களுக்கு முன்னால் யாரும் அதில் கால் வைக்கவில்லை.

பாதையைச் சொல்லிவிடுகிறேன். காட்டின் ஓரத்தில் எங்கள் கிளப்பின் சின்ன மரக் கட்டடம். உள்ளே ஒரு கூடம், அதன் பின்னால் உடை மாற்றும் அறை ஒன்று. அங்கிருந்து பாதை காட்டுக்குள் போய், உறைந்த ஏரியைச் சுற்றி வளைந்து, மறுபடி அங்கேயே வந்து சேரும். ஐந்து கிலோமீட்டர். வழியெல்லாம் நாற்பது மீட்டருக்கு ஒரு விளக்குக் கம்பம். ஏரியின் இந்தக் கரையில் ஓடுகிறவருக்கு அந்தக் கரையில் ஓடுகிறவர் தெரிவார்.

"5.40-க்கு நீ. சோல்வெய் ரெண்டு நிமிஷம் பத்து நொடி கழிச்சு. நான் அஞ்சரை நிமிஷம் கழிச்சு," என்றான் ரூனே. பிறகு என் காதருகில் குனிந்தான். "இன்னிக்கும் ஏரியத் தாண்டறதுக்குள்ள எங்கிட்ட மாட்டுனன்னா, அடுத்த வாரம் வராத. எங்களுக்கும் நேரம் வீணாகுது."

சிரிக்கவில்லை அவன். உண்மையாகத்தான் சொன்னான்.

சோல்வெய் வழுக்காமலிருக்க ஷூவின் அடியில் பதித்த இரும்பு முட்களில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

5.40. கிளம்பினேன்.

முதல் கிலோமீட்டர் ஐந்து நிமிடம் பன்னிரண்டு நொடி. எனக்கு அது நல்ல வேகம். கண்ணீர் இமையிலேயே உறைந்தது. தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டு, தலையைக் குனிந்து, நெற்றியில் கட்டிய தலைவிளக்கின் வெளிச்சம் விழுகிற இடத்தை மட்டும் பார்த்து ஓடினேன். புதுப்பனியில் என் ஷூ முட்கள் கிர்ச்... கிர்ச்... கிர்ச்... என்று குத்தின. வேறு சத்தமே இல்லை.

5 நிமிடம் 50 நொடி. பின்னால் இன்னொரு சத்தம்.

தப்... தப்... தப்...

சோல்வெய் வந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். கோபம் வந்தது. பிறகு கணக்குப் போட்டேன். அவள் கிளம்பியே மூன்றே முக்கால் நிமிடம்தான் ஆகிறது. அதற்குள் என்னைப் பிடிக்க அவளால் முடியாது. ரூனே இன்னும் கிளம்பவே இல்லை... இப்போதுதான் கிளம்பியிருப்பான்.

அப்படியென்றால் இது யார்?

யாரோ ஊர்க்காரர், தனியாகப் பயிற்சி செய்கிறவர். அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஓரமாக ஒதுங்கி வழிவிட்டேன்.

அவர் தாண்டவில்லை.

இன்னொன்றும் கவனித்தேன். பின்னால் வருகிறவரிடம் தலைவிளக்கு இருந்தால் அந்த வெளிச்சம் என் முன்னால் பனியில் ஆடும். வாராவாரம் பார்த்திருக்கிறேன். இன்று என் விளக்கின் வெளிச்சம் மட்டும்தான். கம்பங்களுக்கு இடையிலுள்ள இருட்டில் விளக்கில்லாமல் யார் ஓடுவார்கள்?

அந்தக் காலடியில் இரும்பு முள்ளின் சத்தமும் இல்லை. தப்... தப்... மெத்தையில் கை வைத்து அடிப்பதுபோல.

வேகத்தைக் கூட்டினேன். அதுவும் கூட்டியது. என் கால் விழும்போதே அதுவும் விழுந்தது. நான் வேண்டுமென்றே அரை அடி தவறவிட்டேன். அதுவும் தவறவிட்டது.

அதே நொடியில்.

இரண்டாவது கிலோமீட்டர், நான்கு நிமிடம் முப்பத்தொரு நொடி. கடிகாரத்தைப் பார்த்து மலைத்துப்போனேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு வேகமாக ஓடியதில்லை. நெஞ்சு எரிந்தது. கொஞ்சம் மெதுவாக்கலாம் என்று நினைத்தேன். நினைக்கத்தான் செய்தேன்.

"இன்னும்..."

காதுக்குப் பின்னால். ஆணா பெண்ணா தெரியாத குரல். ஒரே ஒரு சொல்.

ரூனேயின் விளையாட்டு என்று கத்திவிட நினைத்தேன். வாயைத் திறந்தேன். மூச்சு வாங்கத்தான் முடிந்தது.

ஏரியின் மறுகரை வந்தது. வெட்டவெளி. அந்தக் கரையில் யாராவது ஓடுகிறார்களா என்று பார்க்கலாம். தலையை நிமிர்த்தினால் போதும். நான் நிமிர்த்தவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. கழுத்து மறுத்துவிட்டது.

அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

என் விளக்கு வெளிச்சத்தில், பனியில், எனக்கு முன்னால்... காலடித் தடங்கள்.

முதலில் கிளம்பியவள் நான். எனக்கு முன்னால் தடம் இருக்கக் கூடாது. யாரோ எதிர்த் திசையில் நடந்து போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஏனென்றால் தடத்தின் விரல் பக்கம் என்னைப் பார்த்து இருந்தது. குதிகால் அந்தப் பக்கம்.

ஆனால் அந்தக் குழிகளின் ஓரத்தில் பனித்தூள் இன்னும் உருண்டு உள்ளே விழுந்துகொண்டிருந்தது.

இப்போதுதான் பதிந்த தடம்.

எதிரே யாரும் என்னைத் தாண்டிப் போகவில்லை.

மூன்றாவது கிலோமீட்டர், 4.08. கால் என்னுடையது இல்லை.

"இன்னும்..."

முதுகில் ஏதோ பட்டது. தோள்பட்டைகளுக்கு நடுவே. வழக்கமான தட்டு இல்லை. ஒரு கை. மெதுவாக வந்து படிந்தது. எடுக்கவே இல்லை. இரண்டு கம்பளிச் சட்டையையும் தாண்டிக் குளிர் இறங்கியது.

4.01.

அழுதுகொண்டே ஓடினேன்.

"இன்னும்..."

வாயில் இரும்புச் சுவை.

காடு முடிந்தது. கிளப்பின் சன்னல் வெளிச்சம் தெரிந்தது.

3.56.

கை விலகியது.

காலடிச் சத்தம் நின்றது.

கதவில் போய் மோதி விழுந்தேன். 6 மணி 1 நிமிடம் 48 நொடி. கடிகாரம் 'உங்கள் மிகச் சிறந்த ஓட்டம்' என்று பாட்டுப் பாடியது. அந்தச் சத்தத்தை என்னால் மறக்க முடியாது.

கைப்பிடியைத் திருகினேன். திறக்கவில்லை.

அந்தக் கதவை நாங்கள் பூட்டியதே கிடையாது. உள்ளே விளக்கு எரிந்தது. யாரோ கிசுகிசுப்பது கேட்டது. இரண்டு கைகளாலும் அடித்தேன்.

"யாரு?" ரூனேயின் குரல். அவன் எப்படி எனக்கு முன்னால் வந்தான்?

"நான்தான்! ஹெட்டாதான்! கதவத் தெறங்க!"

உடம்பெல்லாம் வியர்வை. அது உறையத் தொடங்கியது. முடி விறைத்துக் குச்சியாகிவிட்டது. பின்னால் திரும்பிப் பார்க்கப் பயந்து நெற்றியைக் கதவிலேயே அழுத்திக்கொண்டு நின்றேன்.

"ரூனே! செத்துருவேன் ரூனே! தெறடா!"

"தெறக்காத..." அது சோல்வெய். அழுகிற குரல். "தெறக்காத, தெறக்காத..."

அவர்களை அப்போது நான் வெறுத்த மாதிரி யாரையும் வெறுத்ததில்லை.

ஒரு நிமிடம் இருக்கும். ரூனே மறுபடி பேசினான். குரல் உடைந்திருந்தது.

"ஹெட்டா... நீ எங்க நிக்கிற?"

இதென்ன கேள்வி?

"கதவு முன்னாடிதான் நிக்கிறேன்!"

உள்ளே ஏதோ விழுந்து உடைந்தது. தாழ்ப்பாள் படாரென்று திறந்தது. இருவரும் ஒன்றாக வெளியே பாய்ந்து வந்தார்கள். ரூனே கதவை இழுத்துச் சாத்தினான். தன் தலைவிளக்கை என் முகத்தில் அடித்து, வெகுநேரம் உற்றுப் பார்த்தான். சோல்வெய் என் சட்டைக் கையைப் பிடித்துக் காருக்கு இழுத்தாள். பைகள், கோட்டுகள், சூடான புளூபெர்ரி சூப் இருந்த பிளாஸ்க், எல்லாம் உள்ளேயே கிடந்தன. 6.07-க்குக் கார் நகர்ந்தது.

அவர்கள் இருவரும் முன்னால். நான் மட்டும் பின்னால்.

"நீ ஏன் என் பின்னாடி வரல?" என்று சோல்வெய்யைக் கேட்டேன்.

"நான் கெளம்பவே இல்ல. வயித்து வலி. உள்ளயே உக்காந்துட்டேன்."

"அப்ப என் பின்னாடி வந்தது யாரு?"

ரூனே கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"உன் பின்னாடி யாரும் வரல," என்றான். "ஒன்றரை கிலோமீட்டர்ல ஏரிக்கரைக்கு வந்தேன். எதிர்க்கரையில நீ ஓடுறது தெரிஞ்சுது. அப்படி ஒரு வேகம். உன் பின்னாடி யாரும் இல்ல ஹெட்டா. முன்னாடி இருந்துச்சு."

"என்ன இருந்துச்சு?"

"உனக்கு ஒரு அடி முன்னாடி. ஆள் மாதிரி. பின்பக்கமாவே ஓடிச்சு... உன் மூஞ்சியப் பாத்துக்கிட்டே. ஒரு கைய நீட்டி உன்னக் கட்டிப் பிடிக்கிற மாதிரி, உன் முதுகுக்குப் பின்னால வச்சிருந்துச்சு."

வண்டியின் சூடேற்றி மட்டும் இரைந்தது.

"அதப் பாத்துட்டு நீ என்ன பண்ணுன?"

"திரும்பி ஓடி வந்துட்டேன்," என்றான். மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அதன் பிறகு ரூனே குழுவுக்கு வரவில்லை. ஷூக்களைக் குப்பையில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். கடையில் நான் எதிரே வந்தால் சாமான் தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு வேறு பக்கம் போய்விடுவான். குற்ற உணர்வு என்று நினைத்துக்கொண்டேன். சொல்லப்போனால் எனக்கு அதில் ஒரு திருப்திகூட இருந்தது.

மே மாதம் அவன் இடத்தில் நான் ஓடினேன். அணியில் என்னுடையதுதான் சிறந்த நேரம். கால் அந்த வேகத்தை மறக்கவில்லை. அந்தப் பாதைக்கு நான் மறுபடி போகவே இல்லை. ஊருக்குள்ளேயே, தெருவிளக்கில், ஆட்கள் நடமாடும் இடத்தில்தான் பயிற்சி. எப்படி இவ்வளவு வேகம் என்று கேட்டவர்களிடம் பனிக்காலப் பயிற்சி என்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் கடைசியில் சோல்வெய் தெற்கே வேலை மாற்றிப் போனாள். விடைபெற வீட்டுக்கு வந்தாள். காப்பி ஊற்றினேன். அவள் கோட்டைக் கழற்றவில்லை.

"உனக்கு நான் நன்றி சொல்லணும்டி," என்றேன். "மொதல்ல தெறக்காதன்னு அழுத, பரவால்ல. அன்னிக்குக் கடைசில நீங்க கதவத் தெறக்கலன்னா வெறச்சுப் போயிருப்பேன்."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"உனக்காகத் தெறக்கல," என்றாள்.

"என்னது?"

"வெளிய ஓடறதுக்குத்தான் தெறந்தோம்."

எனக்குப் புரியவில்லை. அவள் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நீ வெளிய நின்னு கத்துன ஒவ்வொரு வார்த்தையும் ரெண்டு தடவ கேட்டுச்சு ஹெட்டா. ஒரு குரல் வாசக் கதவுக்கு அந்தப் பக்கம். இன்னொண்ணு எங்களுக்குப் பின்னாடி. துணி மாத்துற அறைக்குள்ள இருந்து. அந்தக் கதவும் சாத்தித்தான் இருந்துச்சு. அதையும் உள்ள இருந்து அடிச்சாங்க. அதே அடி. அதே குரல். உன் குரல். அதனாலதான் ரூனே கேட்டான், எங்க நிக்கிறன்னு."

கதவு முன்னாடிதான் நிக்கிறேன்... என்று நான் சொன்னது நினைவுக்கு வந்தது.

"எது நீன்னு எங்களுக்குத் தெரியல. அந்த அறையோட கைப்பிடி திரும்பிச்சு. பக்கத்துல இருந்த கதவத் தெறந்துக்கிட்டு ஓடி வந்தோம். வெளிய நின்னதக் கார்ல ஏத்திக்கிட்டோம். அவ்வளவுதான்." அவள் எழுந்து நின்றாள். "நாங்க யாரக் கூட்டிட்டு வந்தோம்னு ரூனேக்கு இன்னும் சந்தேகம். எனக்கும்தான்."

நான் சிரிக்க முயன்றேன்.

"பைத்தியம். நான்தான்டி. ஹெட்டாதான்."

சோல்வெய் என் வீட்டு வாசல்வரை பின்பக்கமாகவே நடந்து போனாள். என் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. கைப்பிடியைத் தடவிப் பிடித்துக்கொண்ட பிறகுதான் பேசினாள்.

"உள்ள இருந்ததும் அதையேதான் சொல்லிச்சு."